புகையிலை மணந்த புத்தகங்கள்

எங்கள் ஊரில் காசு கொடுக்காமல் உட்காரக்கூடிய இடங்கள் எவை என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். ஆற்றங்கரைப் படித்துறை ஒன்று. ஆனால் வெயில் ஏறினால் கல் சுடும்; அதுவும் ஒரு பொம்பளைப்பிள்ளை துவைக்கத் துணி இல்லாமல் சும்மா போய் உட்கார்ந்தால், அக்கரையில் மாடு குளிப்பாட்டுகிறவர்வரைக்கும் "அது யார் வீட்டுப் பிள்ள?" என்று விசாரிப்பார். கோயில் முன்மண்டபம் இன்னொன்று. அங்கே யார் உட்காரலாம், எந்தத் தூண்வரைக்கும் உட்காரலாம் என்பதெல்லாம் எழுதி வைக்காத சட்டம். டீக்கடை பெஞ்சு ஆம்பளைகளுக்கு. அதிலும் ஒற்றை டீயைச் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் தினத்தந்தியைப் பிடித்துக்கொண்டிருந்தால், கடைக்கார அண்ணாச்சி பெஞ்சைத் துடைக்கிற சாக்கில் முழங்காலில் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுப்பார். சலூனில் பழைய குமுதம் கிடக்கும், முடி வளர்ந்திருந்தால் வாசிக்கலாம். கட்சிப் படிப்பகங்கள் இரண்டு இருந்தன, அந்தந்தக் கொடிக்காரர்களுக்கு. இவை போக மிச்சம் ஒன்றே ஒன்று: சத்திரத்துத் தெரு முக்கில், ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருந்த கிளை நூலகம்.

யாரோ ஒரு காலத்தில் பிள்ளைகுட்டிகளோடு குடியிருந்த வீடு அது. வாடகைக்குப் பிடித்து நூலகமாக்கியிருந்தார்கள், ஆனாலும் வீட்டுக்களை முழுசாகப் போகவில்லை. அடுப்படியாக இருந்த அறையில் மேல்சுவர்ப் புகைக்கரி அப்படியே இருக்க, அதற்குக் கீழே ஆன்மிகப் புத்தகங்களின் பீரோ. உரல் கிடந்த பள்ளத்தில் பழைய பேப்பர் கட்டுகள். அங்கணத்தில் மண்பானைத் தண்ணீர், சங்கிலியில் கட்டிய அலுமினிய டம்ளர். தெருவைப் பார்த்துத் திண்ணை இரண்டு. இடப்பக்கத்துத் திண்ணையில் பேப்பர் வாசிப்பார்கள், வலப்பக்கத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். யாரும் பிரித்துக் கொடுத்ததில்லை, தன்னால் அப்படி அமைந்துவிட்டது. பனங்கிழங்குக் கூடையைத் திண்ணையில் இறக்கி வைத்த அம்மா உள்ளே போய்த் தண்ணீர் குடித்து, வாயை முந்தியில் துடைத்துக்கொண்டே, தினமணிக்குப் பின்னால் மறைந்திருக்கிற ஆளிடம் "அம்பாசமுத்திரம் வண்டி போயிட்டா?" என்று கேட்பாள். பேப்பர் இறங்காது. பேப்பருக்குப் பின்னாலிருந்து "இல்ல" என்று மட்டும் குரல் வரும்.

உள்ளே காலை வைத்ததும் வருகிற வாசத்தை இப்போதும் என்னால் இழை பிரித்துச் சொல்ல முடியும். பூச்சி உருண்டை, புளித்த கோந்து, ஐப்பசி மழையில் பூத்துப்போன அட்டை, முற்றத்து வேம்பிலிருந்து ஓட்டில் விழுந்து காய்கிற பூ, எல்லாவற்றுக்கும் மேலே லைப்ரரி சாருடைய மூக்குப்பொடி. சார் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வருவார். மேஜைமேல் ஊதா மை ஸ்டாம்பு பேடு, தேதியைத் திருகி மாற்றுகிற ரப்பர் முத்திரை, கோந்து பாட்டில், சாக்குத் தைக்கிற கோணி ஊசி. முதுகு விட்டுப்போன புத்தகங்களை அவரே உட்கார்ந்து தைப்பார். தும்மல் வருவதாகத் தெரிந்தால் தைக்கிற புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஓட்டைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்து, கட்டடமே அதிர ஒன்று போடுவார். 'அமைதி காக்கவும்' என்று எழுதிய பலகை சுவரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியதற்கு அந்தத் தும்மல்தான் காரணம் என்று நாங்கள் பிள்ளைகள் மனப்பூர்வமாக நம்பினோம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு ஒரு ரேடியோதான் காரணம். எங்கள் தெரு பீடித் தெரு. தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற வயல் உள்ளவர்களுக்கு வயல், இல்லாத வீட்டுப் பொம்பளைகளுக்குப் பீடி. மதியச் சோறு முடிந்து பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும் ஒவ்வொரு சுளகாக எங்கள் வீட்டுத் தார்சாவுக்கு வந்து சேரும். அம்மா, பெரியம்மை, வடக்கு வீட்டு மைனி, மேலவீட்டு ஆச்சி, இன்னும் யாராவது. மடியில் சுளகு, சுளகில் புகையிலைத் தூள், பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய இலைக்கட்டு. மத்தியப் பிரதேசத்துக் காட்டிலிருந்து மூட்டை மூட்டையாக ரயிலேறி வந்த இலை. தகரத்தை இலைமேல் வைத்து அளவாக வெட்டி, தூளைக் கிள்ளி வைத்து உருட்டி, முனையை மடக்கி, சிவப்பு நூலைச் சுற்றி அறுத்துப் போடுகிற அந்த வேலையை யாரும் கண்ணால் பார்த்துச் செய்ததில்லை. கை அதன் போக்கில் போகும், காது சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடந்த காதுக்கு மைனி வீட்டு டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி. அது ஒரு நாள் கரகரத்தது, பிறகு மூச்சை நிறுத்தியது, ரிப்பேர் கடைக்குப் போனது, அங்கேயே குடியிருந்துவிட்டது. கொஞ்ச நாள் ஊர்வம்பு ஓடியது. பிறகு வம்புக்கும் பஞ்சம் வந்தது.

"ஏட்டி, பள்ளிக்கூடத்துல என்னமோ வாசிக்கியேல்லா, அத இங்க உக்காந்து சத்தமா வாசி. நாங்களும் கேக்கோம்" என்றாள் பெரியம்மை.

நான் எடுத்த எடுப்பில் சமூக அறிவியலை வாசித்தேன், அதில்தான் எனக்கு மார்க்கு நிறைய. அசோகர் கலிங்கத்தில் சண்டை போட்டார், மனம் மாறினார், சாலையோரம் மரம் நட்டார், குளம் வெட்டினார். மேலவீட்டு ஆச்சி வெற்றிலையை ஓரம் கட்டிக்கொண்டு கேட்டாள்: "மரம் நட்டது சரி. பொண்டாட்டி பிள்ளைய என்ன செஞ்சான்?"

அது புத்தகத்தில் இல்லை. எனக்கு ரொம்ப அவமானமாகிவிட்டது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான், பெரியம்மை முந்தியில் முடிந்து வைத்திருந்த ரூபாயைக் காப்புத்தொகையாகக் கட்டி, அப்பா கையெழுத்துப் போட்டு, நான் நூலக உறுப்பினர் ஆனேன். அசோகர் பெண்டாட்டியைப் பிறகு எல்லாரும் மறந்துவிட்டோம் என்பது வேறு விஷயம்.

சார் என்னிடம் எதற்கு, யாருக்கு, எந்த வகுப்பு என்று எதுவும் விசாரிக்கவில்லை. "கை கழுவுனியா?" என்று மட்டும் கேட்டார். கழுவிவிட்டு வந்ததும் பீரோவைத் திறந்துவிட்டார். வாண்டுமாமாவில் தொடங்கினேன். மந்திரவாதியும் குகையும் தார்சாவில் நன்றாகவே எடுபட்டன. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் போட்ட ருஷ்யக் கதைகளை ஒரு தடவை கொண்டுபோனேன். தாள் வழவழவென்று இருக்கும், பிரித்தால் நம்மூர்ப் புத்தகத்தில் வராத ஒரு பசை வாசம். ஆனால் ஆட்களின் பெயர்கள் நீண்டுகொண்டே போனதால் மைனி பொறுமையிழந்து, ஒவ்வொருவருக்கும் எங்கள் தெருவிலிருந்தே ஒரு பெயரை வைத்துவிட்டாள். எங்கள் பால்காரர் பனிக்காட்டில் ஓநாய்க்கு நடுவே மாட்டிக்கொண்டதும் கண்ணீர் விட்டவர்களும் உண்டு.

அப்புறம் லக்ஷ்மி வந்தார். லக்ஷ்மி என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி ஒரு டாக்டர், தென்னாப்பிரிக்காவில் நிறைய வருஷம் இருந்தவர் என்று சார் சொல்லியிருந்தார், அதை நான் முன்னுரையாகச் சொல்லிவிட்டுத்தான் நாவலைத் தொடங்கினேன். "டாக்டரம்மாவா எழுதுனாவ? பின்ன எப்பம் ஊசி போடுவாவ?" என்று ஆச்சிக்குச் சந்தேகம். ஆனால் கதை நகர நகர அந்த அம்மாவின்மேல் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. மாமியார் இப்படிச் செய்தாள் என்றால், டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். 1984-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக அவருக்குக் கிடைத்தபோது, சார் அந்தச் செய்தியை வெட்டிப் பலகையில் ஒட்டினார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். ஆச்சி சுளகிலிருந்து தலையைத் தூக்காமல், "நம்ம டாக்டரம்மாவுக்கா? இருக்கட்டும், இருக்கட்டும்" என்றாள். தன் சிபாரிசில் கிடைத்ததாகவே அவள் முகம் இருந்தது.

சாண்டில்யன்தான் எனக்குச் சோதனையாகப் போனார். 'கடல்புறா'வில் கப்பலும் சண்டையும் வரும்வரைக்கும் என் குரல் கணீரென்று இருக்கும். கதாநாயகியை வர்ணிக்கத் தொடங்கியதும் எனக்குக் காது சுட்டு, கண் மட்டும் வேகமாகக் கீழே இறங்கி, கப்பல் எங்கே மறுபடி வருகிறதோ அங்கே போய் நிற்கும். பெரியம்மைக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எதுவும் தப்பாது. "என்னட்டி, ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு வந்துட்டா? கப்பலு இப்பம்தான கரையில நின்னுது?" என்பாள். வடக்கு வீட்டு மைனி சிரித்துச் சிரித்துச் சுளகுத் தூளையெல்லாம் தரையில் கொட்டுவாள். பிறகு அந்தப் பக்கங்களை அவளே புத்தகத்தைப் பிடுங்கி வாசிக்கத் தொடங்கினாள், மைனி எட்டாவது வரைக்கும் படித்தவள். என்னைத் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் குடத்தை அலசுகிற சாக்கில் நடை ஓரம் நின்று கேட்பேன்.

கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளிகள் சுருட்டுச் சுற்ற, உயரமான ஆசனத்தில் ஒருவர் உட்கார்ந்து பேப்பரும் நாவலும் வாசித்துக் காட்டுவார், அவருக்குச் சம்பளத்தைத் தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள் என்று ரொம்பப் பின்னால் எங்கோ வாசித்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. எனக்கும் கூலி உண்டு. சனிக்கிழமை பீடிக்கடையில் கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கோவில்பட்டிக் கடலைமிட்டாய்.

ஒரு குடும்ப நாவல், பெயர் மறந்துபோயிற்று. அதில் கதாநாயகி பெட்டியோடு ரயிலடிக்குப் போகிறாள், அண்ணன் தேடிக்கொண்டு ஓடி வருகிறான், வண்டி மணி அடிக்கிறது, அதற்கு மேல் தாளில்லை. கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள். தார்சாவில் கொஞ்ச நேரம் நூல் அறுக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு வழக்கு தொடங்கியது. அவள் போயிருப்பாள் என்றாள் மைனி. எங்கே போவாள், வயிற்றுப்பிள்ளைக்காரி, திரும்பித்தான் வந்திருப்பாள் என்றாள் அம்மா. அண்ணன்காரன் வண்டிச் சக்கரத்தில் அடிபட்டிருப்பான், அவனுக்கு அது வேண்டும் என்றாள் பெரியம்மை, அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் வீட்டுப் பாகத்தில் மனஸ்தாபம் இருந்தது. மறுநாள் என்னைச் சாரிடம் அனுப்பினார்கள். அவர் தைத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தி யோசித்து, "அவ போகல, ஆனா வீட்டுக்கும் வரல. ரயிலடிக்குப் பக்கத்துலயே ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா சேந்துட்டா" என்றார். அவர் அந்தப் புத்தகத்தை வாசித்திருந்தாரா, அந்த நேரத்தில் கட்டினாரா தெரியாது. தார்சாவில் அந்த முடிவுக்கு மதிப்பெண் குறைவுதான். "ரயிலடி பக்கத்துல எங்க பள்ளிக்கூடம் இருக்கு?" என்று ஆச்சி கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

திரும்பிப் போகிற புத்தகத்தில் எங்கள் தெரு ஒட்டிக்கொண்டு போயிற்று. பக்கங்களின் நடுமடிப்பில் புகையிலைத் தூள். எதுவரை வாசித்தோம் என்பதற்குப் பெரியம்மை செருகி வைத்த சிவப்பு நூல். சார் பொடி போடுகிறவர், அவர் மூக்கிடம் புகையிலையை மறைக்க முடியுமா? ஒரு நாள் புத்தகத்தை விரித்து முகர்ந்து பார்த்தார். நான் சங்கிலி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "உங்க வீட்ல எத்தன பேரு கேக்காவ?" என்றார். விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அவர் ஒரு துணியால் தூளைத் தட்டிவிட்டு, பீரோவின் கீழ்த்தட்டைக் காட்டி, "புது லக்ஷ்மி வந்தா இங்க வைக்கேன். மத்தவங்க எடுக்கதுக்கு முன்ன நீ வந்து எடுத்துக்க" என்றார். அவருடைய பதிவேட்டில் நான் ஒரே ஒரு உறுப்பினர்தான். ஆனால் அந்தக் கீழ்த்தட்டு ஒரு தெருவுக்கானது. சாரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தத் தட்டுத்தான் எனக்கு முதலில் வருகிறது.

மற்ற வாசகர்களையும் புத்தகங்களுக்குள்ளேதான் சந்தித்தேன். யாரோ ஒரு பெரியவர் தான் வாசித்து முடித்த புத்தகங்களில் எல்லாம் இருபத்தேழாம் பக்க எண்ணுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருப்பார், மறதியில் அதையே மறுபடி எடுத்துவிடக் கூடாதே என்று. இன்னொருவருக்கு ஓரத்தில் அபிப்பிராயம் எழுதாவிட்டால் தூக்கம் வராது. "அருமை", "சுத்தப் பொய்", "இவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்". வேறொரு கை அதற்குக் கீழே "ஆமாம்" என்று எழுதியிருக்கும். எதிர்த்த பெஞ்சில் உட்கார்ந்து முகம் பார்க்காமல் பேப்பர் வாசிக்கிறவர்கள் இவர்களில் யார் யார் என்று நான் ஊகித்துக்கொண்டே இருப்பேன்.

சாயங்காலம் அந்த நீள மேஜையைப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் இந்து பேப்பரை முதல் வரியிலிருந்து அச்சிட்டவர் பெயர்வரைக்கும் வாசிப்பார், நடுவில் எங்கோ தூங்கிவிடுவார், சார் எழுப்பமாட்டார். வேலை கிடைக்காத அண்ணன்மார்கள் விளம்பரங்களை நோட்டில் எழுதிக்கொண்டு, போஸ்டல் ஆர்டருக்குக் காசு யாரிடம் கேட்கலாம் என்று கிசுகிசுப்பார்கள். ஆற்றுமணல் வண்டிக்காரர் ஒருவர் மாட்டை வேம்பு நிழலில் கட்டிவிட்டு வந்து, அம்புலிமாமாவை எழுத்துக் கூட்டி, உதடு அசைய வாசிப்பார். அவர் முடித்துவிட்டு வைக்கும்வரை பிள்ளைகள் நாங்கள் காத்திருக்க வேண்டும். டீக்கடையில் தனி டம்ளரில் டீ வாங்கித் தள்ளி நின்று குடிக்க வேண்டியிருந்த காலனி ஆட்கள், இங்கே வந்தால் எல்லாரும் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரும் தொட்ட பேப்பரின் அடுத்த தாளை வாங்கி வாசித்தார்கள். தொடக்கத்தில் அதற்கு முகம் சுளித்த இரண்டு பேர் வருவதை நிறுத்திக்கொண்டதாகவும், சார் அவர்களைத் தேடிப் போகவில்லை என்றும் அப்பா சொல்லியிருக்கிறார். பொம்பளைகள்தான் அந்த மேஜைக்கு வரவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திண்ணையோடு சரி. என் பெரியம்மை அந்தக் கட்டடத்தின் அத்தனை லக்ஷ்மியையும் கேட்டு முடித்தவள், வாசல்படி ஏறியதில்லை. வரக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை, வா என்று சொன்னதுமில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வருகிற அன்று ஊரே அங்கே நிற்கும். பேப்பரில் பொடி எழுத்தில் எண்கள் மட்டும் வரிசையாக வரும். சார் தாள்களைத் தனித்தனியாகப் பிரித்துத் திண்ணைச் சுவரில் ஒட்டிவிடுவார். விரலை வைத்துத் தேடித் தேடி, மத்தியானத்துக்குள் சில எண்கள் அழிந்தே போய்விடும். எண் இருந்தவன் கத்துவான், இல்லாதவன் திரும்பவும் மேலேயிருந்து தேடுவான். அன்று 'அமைதி காக்கவும்' பலகையைச் சார் கழற்றி உள்ளே வைத்துவிடுவார்.

1981 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயம். யாழ்ப்பாணத்தில் நூலகத்தைக் கொளுத்திவிட்டார்கள் என்ற பேச்சு சில நாள் கழித்து எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்துபோயின என்பதெல்லாம் வளர்ந்த பிறகு அறிந்தது. அன்று எனக்குக் கேட்டது, தூங்குகிற வாத்தியார் விழித்திருந்து, யாரிடமோ "லைப்ரரிய எதுக்குவே கொளுத்தணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டதுதான். பதில் சொன்னவர்கள் பெரிய பெரிய காரணங்கள் சொன்னார்கள். எனக்கு லைப்ரரி என்றால் மண்பானையும் பென்சில் புள்ளியும் கீழ்த்தட்டும், அதனால் எந்தக் காரணமும் பொருந்தவில்லை. சார் வாசலுக்குப் பூட்டுகிற பூட்டைப் போய்ப் பார்த்தேன். சைக்கிள் கடையில் விற்கிற சின்னப் பூட்டு. வீட்டுக்கு வந்து, அலமாரிப் பூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அதுல நம்ம என்னத்த வச்சிருக்கோம், கொண்டு குடு" என்றாள் அவள்.

தாத்தாவைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார். இடப்பக்கத்துத் திண்ணையின் தூணோரம் அவருக்கு நிரந்தர இடம். காலையில் சார் கதவைத் திறப்பதற்கு முன்பே போய் உட்கார்ந்து, சார் பிந்தினால் மேல்துண்டை உதறி எழுந்து நின்று வரவேற்பார், அதுதான் அவருடைய கண்டிப்பு. தாத்தாவை யாராவது ஓசிப் பேப்பர் வாசிக்கிறவர் என்று கிண்டல் செய்தால் போதும், வீட்டுக்கு ஓடி வந்து தகரப் பெட்டியைத் திறந்து வீட்டுத் தீர்வை ரசீதை எடுத்துப் போவார். அதில் 'நூலக வரி' என்று தனியாக ஒரு வரி. "இந்தா பாரும்வே. என் வீட்டுச் சுவருக்கு நான் கட்டுதேன். ஓசியாம் ஓசி." ஒரு தடவை கிண்டல் செய்தவர் வாடகை வீட்டுக்காரர். தாத்தா கொஞ்சம் யோசித்து, "உம்ம வீட்டுக்காரன் உம்ம வாடகையிலேர்ந்துதான கட்டுதான், நீரும் வாசியும்" என்று பேப்பரில் பாதியைக் கொடுத்துவிட்டார்.

அந்த வரியை எங்கள் தாத்தா கையில் கொடுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் என்று சொல்லலாம். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். பணக்காரர்கள் மனம் வைத்துக் கொடுக்கிற நன்கொடையில் நூலகம் நடந்தால் அது அவர்கள் மனம் மாறும்வரைதான் நடக்கும், சட்டம் வேண்டும் என்று பல வருஷம் அலைந்தார். 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவில் முதலாவது. சொத்துவரியோடு நூலகத்துக்கென்று சேர்த்து வசூலிக்கிற ஏற்பாடு அதிலே வந்தது. இன்றைக்கு அது ரூபாய்க்கு 10 பைசா. அதற்கும் முன்னால், 1931-இல், மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார், அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். அப்படி ஒரு வண்டி எங்கள் பீடித் தெருவுக்கு வந்திருந்தால் எனக்குக் கடலைமிட்டாய் போயிருக்கும், பெரியம்மை வாசல்படியைத் தாண்டாமலே தன் கையால் புத்தகம் எடுத்திருப்பாள்.

சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் போயிருக்கிறேன். மாடி மாடியாக, குளிர்ச்சியாக, பிள்ளைகள் தரையில் கவிழ்ந்து படுத்து வாசிக்க இடமெல்லாம் வைத்து நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். சந்தோஷமாக இருந்தது. இருந்தாலும் பஸ்ஸேறிப் போகிற நூலகம் வேறு, உலையை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு சோறு பொங்குவதற்குள் திரும்பிவிடுகிற நூலகம் வேறு. இரண்டாவதற்குத்தான் ஓடு ஒழுகுகிறது, ஆள் போதாமல் ஒரே நூலகர் இரண்டு ஊரைப் பார்க்கிறார், உள்ளாட்சியில் வசூலான வரி நிலுவையாக நிற்கிறது என்று அவ்வப்போது பேப்பரில் வாசிக்கிறோம். தாத்தா இருந்திருந்தால் ரசீதோடு கிளம்பியிருப்பார்.

சமீபத்தில் ஊருக்குப் போனபோது அங்கேயும் எட்டிப் பார்த்தேன். ஓட்டு வீடு இல்லை. நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம், காங்கிரீட்டு, வாசலில் புரவலர்கள் பெயர்ப் பலகை. வெள்ளிக்கிழமை விடுமுறை மட்டும் மாறவில்லை, நல்லவேளை நான் போனது வியாழன். உள்ளே நீள மேஜை முழுக்கப் பெண்பிள்ளைகள். குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். சிலர் பீடித் தெருவிலிருந்தே வருகிறவர்களாக இருக்கும், பேச்சில் தெரிந்தது. டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், வினாத்தாள் கட்டு, ஒருத்தி மடியில் கைப்பிள்ளை, அது தூங்கிப்போயிருந்தது. நூலகரம்மா கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்துவிட்டு, வந்தவள் யார் என்று கேட்காமலே மறுபடி குனிந்துவிட்டார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எடுத்த புத்தகத்தில் இருபத்தேழாம் பக்கத்தைத் திருப்பினேன். புள்ளி எதுவுமில்லை, புதுப் புத்தகம். அதற்குள் பக்கத்திலிருந்த பிள்ளை என் தோளைத் தொட்டாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் அந்தப் பக்கம் மாறி உக்காரீங்களா? உங்க பின்னாலதான் பிளக் பாயிண்ட் இருக்கு. போன்ல சார்ஜ் இல்ல, ஆன்லைன் டெஸ்ட் ஆறு மணிக்கு."

மாறி உட்கார்ந்தேன்.